எதை விட்டுவிடலாம்? பல்லூடகமும் வலை வடிவமைப்பும் படிக்கப் போகிறவர்களுக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழு எச்டி காணொளியின் ஒரு சட்டகத்தில், அதாவது ஓடும் படத்தின் ஒரு தனிப் படத்தில், குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600. பிக்ஸல் என்று நாம் சொல்லும் அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்களைச் சுமக்கிறது. ஓர் எண்ணுக்கு ஒரு பைட் என்றால், ஒரு சட்டகத்துக்கு 62,20,800 பைட். நொடிக்கு 25 சட்டகங்கள் ஓடினால் ஒரு நிமிடக் காணொளிக்கு 933 கோடி பைட்டுக்கு மேல் ஆகிறது. அதாவது 9.3 ஜிகாபைட்.

இப்போது உங்கள் கைபேசியில் எடுத்த ஒரு நிமிடக் காணொளியின் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் நூறு மெகாபைட்டை ஒட்டித்தான் இருக்கும். ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. மீதி எங்கே போயிற்று? அவ்வளவு போன பிறகும் படம் ஏன் குறையில்லாமல் தெரிகிறது?

பல்லூடகம் படிக்கச் சேரும் மாணவர்களிடம் முதல் வகுப்பில் நான் கேட்கும் கேள்வி இதுதான். அவர்கள் என்னிடம் கேட்பது வேறு: "எந்த மென்பொருளெல்லாம் சொல்லித் தருவீர்கள்?" நியாயமான கேள்வி, அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் இந்தப் படிப்பின் உயிர் முதல் கேள்வியில் இருக்கிறது. படமானாலும் ஒலியானாலும் இணையப் பக்கமானாலும், எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுப்பதே இந்தத் தொழில். அந்த முடிவைக் கண்ணையும் காதையும் மனிதரையும் தெரிந்துகொண்டு எடுக்கச் சொல்லித் தருவதற்குத்தான் மூன்று, நான்கு ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

பெயரை ஒரு வரியில் விளக்கிவிடலாம். எழுத்து, படம், ஒலி, காணொளி, அசைவூட்டம் ஆகிய ஊடகங்களை ஒன்றாகக் கோத்து ஒரு செய்தியையோ கதையையோ சொல்வது பல்லூடகத் தயாரிப்பு. வலை வடிவமைப்பு என்பது அவை எல்லாம் வந்து கூடும் இடத்தைக் கட்டுவது. பார்ப்பவர் அங்கே வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தொடுகிறார், தேடுகிறார், திரும்பிப் போகிறார். இரண்டையும் ஒரே படிப்பில் சேர்த்திருப்பது அதனால்தான்.

கண் எதைக் கவனிப்பதில்லை

காணாமல் போன பங்குக்கு வருவோம். நம் கண் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை மிக நுட்பமாகப் பார்க்கும். நிறத்தின் நுட்பத்தில் அந்த அளவு கூர்மை அதற்கு இல்லை. ஆகவே வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகச் சேமித்துவிட்டு, நிறத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒரு முறை மட்டும் சேமித்தால் போதும். பன்னிரண்டு எண்கள் வேண்டிய இடத்தில் ஆறே எண்கள். ஒரே அடியில் பாதி போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை.

அடுத்து, ஒருவர் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உதடு அசைகிறது, இமை மூடித் திறக்கிறது. சுவர் அப்படியே இருக்கிறது. அந்தச் சுவரை நொடிக்கு 25 முறை திரும்பத் திரும்ப எழுதி வைப்பானேன்? முதல் சட்டகத்தை முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த சட்டகங்களில் மாறியதை மட்டும் குறித்தால் போதும். 2003இல் வெளியாகி இன்றும் உலகெங்கும் பயன்படும் எச்.264 போன்ற காணொளிச் சுருக்க முறைகள் பெரும்பகுதியை இப்படித்தான் மிச்சம் பிடிக்கின்றன. பேட்டியைவிட, காற்றில் அலையும் இலைகளும் கொட்டும் மழையும் உள்ள காட்சி அதிக இடம் கேட்பது ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

நிழற்படத்திலும் இதே கதைதான். 1992இல் தரநிலையாக வந்த ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண் எளிதில் பிடிக்காத நுண்ணிய மாற்றங்களைத் தோராயமாக்கிவிடுகிறது. வானம், முகம், புல்வெளி இவற்றுக்கு அது அருமையாகப் பொருந்தும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து இருக்கும் படத்தை அதில் சேமித்துப் பாருங்கள். எழுத்தின் ஓரமெல்லாம் அழுக்குப் படிந்தது போல் ஆகிவிடும். கூர்மையான விளிம்பு என்பதே நுண்ணிய மாற்றங்களால் ஆனது. அதைத் தோராயமாக்கினால் விளிம்பு கலங்கத்தானே செய்யும்? எழுத்தும் சின்னமும் உள்ள படங்களுக்கு எதையும் இழக்காத பிஎன்ஜி முறையைப் பயன்படுத்து என்று ஆசிரியர் சொல்வதன் காரணம் இதுதான். காரணம் தெரிந்தவருக்கு அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

காதுக்கும் இப்படி ஓர் ஏமாளித்தனம் உண்டு. மனிதக் காது சுமாராக 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள் வரை, கேட்கும். ஓர் அலையைப் பிழையின்றித் திரும்பப் பெற அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் மாதிரி எடுக்க வேண்டும், அதாவது அத்தனை முறை அலையை அளந்து குறிக்க வேண்டும். குறுந்தகட்டு இசைக்கு நொடிக்கு 44,100 மாதிரிகள் என்று வைத்தது அந்தக் கணக்கில்தான். அதிலும் பலத்த ஒலி ஒன்று கேட்கும்போது அதற்கு நெருங்கிய சுருதியில் உள்ள மெல்லிய ஒலி காதில் விழுவதில்லை. விழாத ஒலியைச் சுமப்பானேன் என்று கழித்துவிடுவதே எம்பி3.

இங்கே ஒரு எச்சரிக்கை. விட்டது திரும்பி வராது. ஜேபெக் படம் ஒன்றைத் திறந்து, திருத்தி, சேமித்து, மறுபடியும் திறந்து, திருத்தி, சேமித்தால் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கழிந்துபோகிறது. அதனால் தொழில் தெரிந்தவர்கள் எடுக்கும்போது முடிந்தவரை முழுமையாக எடுப்பார்கள், வேலை செய்யும்போது மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருப்பார்கள், கழிப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்வார்கள். மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நண்பர் குறுஞ்செய்திச் செயலியில் அனுப்பிய, ஏற்கெனவே இரண்டு முறை சுருங்கிய காணொளியைக் கொண்டுவந்து வண்ணத்தைச் சரிசெய்யப் பார்ப்பார்கள். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும், இல்லாத நிறத்தை எந்தக் கணினியாலும் மீட்டுத் தர முடியாது.

வகுப்பில் நடப்பது

பாடங்களின் பெயர் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். போக்கு பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் கோடு, நிறம், எழுத்துரு, நிழற்படம், பக்க அமைப்பு. பிறகு ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு, அசைவூட்டம், இணையப் பக்கத்துக்கான நிரல். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய செயல்திட்டம், பெரும்பாலும் குழுவாக. ஓவியம் வராதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பார்த்ததை வரையக் கற்பது பார்வையைப் பழக்குவதற்காக. கைவண்ணம் பிறகு வந்தால் வரட்டும்.

முதல் பருவத்தில் நான் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு கூட்டத்துக்கான அறிவிப்பு. தலைப்பு, பேசுகிறவர் பெயர், அவர் யார் என்று ஒரு வரி, தேதி, நேரம், இடம். ஆறு வரிகள். ஒரே எழுத்துரு, ஒரே அளவு, ஒரே நிறம். மாற்ற அனுமதி உள்ளது வரிகளுக்கு இடையிலான வெற்றிடம் ஒன்றைத்தான். முதலில் எல்லா வரிக்கும் சம இடைவெளி வைத்துக் கொடுப்பார்கள். படிப்பவர் ஆறு வரியையும் ஒவ்வொன்றாகப் படித்தாக வேண்டும். பிறகு பேச்சாளர் பெயரையும் அவரைப் பற்றிய வரியையும் நெருக்கி வைக்கிறார்கள். தேதி, நேரம், இடம் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கீழே தள்ளுகிறார்கள். தலைப்பைத் தனியாக மேலே விடுகிறார்கள். ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் என்ன, யார், எப்போது என்று மூன்றே பார்வையில் விஷயம் விளங்கிவிடுகிறது. அருகருகே இருப்பவற்றை மனம் ஒரே குழுவாக எடுத்துக்கொள்ளும் என்பதை உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923இலேயே விரிவாக எழுதிவைத்தார். அதன் பிறகு மாணவர்கள் கட்டம் போடுவதையும் கோடு இழுப்பதையும் தாமாகவே குறைத்துக்கொள்கிறார்கள். வெற்றிடமே அந்த வேலையைச் செய்கிறதே!

இந்தப் படிப்பில் தேர்வைவிட அதிகம் கற்றுத் தருவது விமர்சன வகுப்பு. எல்லோருடைய வேலையும் சுவரில் மாட்டப்படும் அல்லது திரையில் ஓடும். "நன்றாக இருக்கிறது" என்று சொல்ல என் வகுப்பில் அனுமதி இல்லை. முதலில் உன் கண் எங்கே போனது, பிறகு எங்கே போனது, எந்த இடத்தில் தடுமாறியது என்று மட்டும் சொல்ல வேண்டும். செய்தவர் குறுக்கே பேசக் கூடாது. இணையத்தில் அந்தப் பக்கத்தைத் திறக்கப் போகிறவருக்குப் பக்கத்தில் நின்று விளக்க அவர் இருக்க மாட்டார் அல்லவா? ஆரம்பத்தில் மனம் நோகும், அதை மறைத்துப் பயனில்லை. இரண்டு மாதத்தில் அந்த வகுப்புக்காகக் காத்திருப்பார்கள்.

கேமரா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதைக் கற்றுத் தர ஏராளமானோர் இருக்கிறார்கள். கண் வெளிச்சத்துக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்ளும். கேமராவுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் அளக்கிறோம். பழைய டங்ஸ்டன் விளக்கொளி சுமார் 3200 கெல்வின், பகல் ஒளி சுமார் 5600 கெல்வின் என்று கணக்கு. ஒன்றுக்கு வைத்த அமைப்பில் மற்றொன்றைப் படம் பிடித்தால் முகம் மஞ்சளாகவோ நீலமாகவோ வரும். நொடிக்கு 25 சட்டகம் எடுக்கும்போது ஷட்டரை, அதாவது ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒளி விழும் நேரத்தை, ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு வைத்தால் அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தெரியும். மற்றவை எடுத்து எடுத்துத்தான் வரும்.

ஒலியைக் கடைசியில் வைக்காதீர்கள்

புதியவர்கள் எல்லோரும் படத்தில் மயங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மாணவப் பருவத்தில் எடுத்த முதல் பேட்டியில் வெளிச்சத்துக்காக ஒரு மணி நேரம் பாடுபட்டேன். தொகுக்க உட்கார்ந்தபோதுதான் பின்னணியில் குளிர்பதனப் பெட்டியின் உறுமல் இருப்பது கேட்டது. பதிவு முழுக்க அது ஒரே சீராக இருந்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அது நடுவில் நின்றது, மறுபடி ஓடியது. பேச்சில் தயங்கிய இடங்களை வெட்டி, முன்னும் பின்னும் ஒட்டினால், ஒவ்வொரு வெட்டிலும் உறுமல் சட்டென்று தோன்றி மறைந்தது. கண் காணாத வெட்டைக் காது காட்டிக்கொடுத்துவிட்டது.

அன்று கற்ற பாடத்தை ஒவ்வொரு புதிய வகுப்புக்கும் சொல்கிறேன். பதிவுக்கு முன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் அறையைக் கேளுங்கள். மின்விசிறி, குழாய், வெளியே போகும் வண்டி எல்லாம் அப்போதுதான் காதில் விழும். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல், யாரும் நகராமல், அந்த அறையின் மௌனத்தை முப்பது நொடி பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த அறையின் மௌனமும் முழு மௌனம் அன்று. அதற்கென்று ஒரு நிறம் உண்டு. தொகுக்கும்போது "ம்…" என்ற தயக்கத்தை வெட்டி எடுத்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல் விட்டால், பாட்டு நின்றுபோனது போல் ஒரு குழி விழும். அந்தக் குழியில் அறையின் மௌனத்தை நிரப்பினால் வெட்டு நடந்ததே தெரியாது.

இன்னொன்று, ஒலிவாங்கியைப் பேசுகிறவருக்கு அருகே கொண்டுபோங்கள். தூரம் பாதியானால் அவர் குரல் 6 டெசிபெல் கூடும். சுவரில் பட்டு வரும் எதிரொலி ஏறக்குறைய அப்படியே இருக்கும். விலை உயர்ந்த ஒலிவாங்கி மூன்று மீட்டர் தள்ளி இருப்பதைவிடச் சாதாரண ஒலிவாங்கி ஒரு முழ தூரத்தில் இருப்பது மேல். கொஞ்சம் மங்கலான படத்தை மக்கள் பொறுத்துக்கொண்டு பார்ப்பார்கள். பேச்சு புரியவில்லை என்றால் அடுத்த நொடியே போய்விடுவார்கள்.

படத்தொகுப்பு என்றால் வேண்டாததை வெட்டுவது என்று நினைக்கிறோம். வெட்டி அடுக்கும் வரிசையே அர்த்தத்தை உண்டாக்குகிறது. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தை எடுத்து, அதை ஒரு முறை சூப் கிண்ணத்தோடும், ஒரு முறை சவப்பெட்டியோடும், ஒரு முறை ஒரு பெண்ணின் காட்சியோடும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். முகம் ஒன்றேதான். பார்த்தவர்களுக்குப் பசியாகவும் துயரமாகவும் ஆசையாகவும் தெரிந்தது. சொல்லாமல் விட்டதைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்கிறார். இதை உணர்ந்த மாணவர், கதாபாத்திரம் கதவைத் திறந்து, படியிறங்கி, வண்டியேறிப் போவதை முழுவதும் காட்டத் தேவையில்லை என்று புரிந்துகொள்கிறார். கை கதவுப்பிடியில், அடுத்த வெட்டில் அவர் வேறு ஊரில்.

அசைவூட்டத்தில் எல்லோரும் துள்ளும் பந்தில் தொடங்குகிறோம். திரைப்பட வேகத்தில் நொடிக்கு 24 படங்கள். உச்சியில் பந்து மெதுவாகத் திரும்பும், அங்கே படங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். தரையை நெருங்கும்போது விலக வேண்டும். சம இடைவெளியில் வரைந்தால் பந்துக்கு எடையே இருக்காது. கல்பந்தா ரப்பர்பந்தா என்பதை நிறமோ வடிவமோ சொல்வதில்லை, அந்த இடைவெளிகள்தான் சொல்கின்றன. கணினியில் செய்தாலும் இதுவேதான்.

தாளின் அளவு தெரியாத வடிவமைப்பு

அச்சு வடிவமைப்பாளருக்குத் தாளின் அளவு தெரியும். வலை வடிவமைப்பாளருக்குத் தெரியாது. அதே பக்கம் ஒருவர் உள்ளங்கையிலும் திறக்கும், இன்னொருவர் சுவரளவுத் திரையிலும் திறக்கும், வேறொருவர் அதைப் பார்க்கவே மாட்டார், திரைவாசிப்பு மென்பொருள் வாசிக்கக் கேட்பார். புதியவர்களுக்குப் பிடிபடக் கடினமானது நிரல் மொழி என்று நினைப்பார்கள். என் அனுபவத்தில் இந்த நிச்சயமின்மையோடு சமாதானமாவதுதான் கடினம்.

உலகளாவிய வலை பிறந்த விதத்திலேயே இது இருக்கிறது. 1989இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த திட்டம், எந்தக் கணினியில் இருந்தாலும் ஆவணங்களை ஒருவருக்கொருவர் இணைத்துப் படிக்க வேண்டும் என்பது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அந்தத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமையாக்கியது. பக்கத்தில் எது தலைப்பு, எது பத்தி, எது இணைப்பு என்று சொல்வது எச்டிஎம்எல். அது எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்வது சிஎஸ்எஸ். அதை 1994இல் முன்மொழிந்தவர் ஹோகோன் வியூம் லீ. தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்வது 1995இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட். எலும்பு, தோற்றம், அசைவு என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

எலும்பைச் சரியாக வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. தலைப்பைத் தலைப்பு என்று குறிக்காமல், சாதாரண வரியைப் பெரிதாக்கித் தடிப்பாக்கிவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பு மென்பொருளில் தலைப்பு தலைப்பாகத் தாவித்தான் பக்கத்தைப் புரட்டுவார். அவருக்கு அந்தப் பக்கம் தலைப்பே இல்லாத நீண்ட சுவராகிவிடும். படத்துக்குத் தரும் மாற்று உரையும் அப்படியே. "படம் 3" என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. "மருந்தை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்று காட்டும் அட்டவணை" என்று எழுதினால் ஏதோ கிடைக்கும். அட்டவணையையே எழுத்தாகக் கொடுத்தால் எல்லாம் கிடைக்கும்.

நிறத்தில் ஒரு சிறு சோதனை. வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் நிற எழுத்து நாகரிகமாகத் தெரிகிறது என்று மாணவர்கள் விரும்பி வைப்பார்கள். இணைய உள்ளடக்கத்தை எல்லோரும் அணுகும்படி செய்வதற்கான உலகளாவிய நெறிகள் உள்ளன. முதல் பதிப்பு 1999இல் வந்தது, 2.2 பதிப்பு 2023இல். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. கறுப்பும் வெள்ளையும் 21க்கு 1. வலையில் நிறங்களை # போட்ட குறியீட்டால் குறிப்பார்கள். #767676 என்ற சாம்பல் 4.54 வாங்கித் தேறுகிறது. அடுத்த படியில் இருக்கும் #777777 வெறும் 4.48 வாங்கித் தவறுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உங்களால் வேறுபடுத்தவே முடியாது. எங்கோ ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்? மாணவர்கள் ஆசையாக வைக்கும் #999999 வாங்குவது 2.85. வெயிலில் நின்று கைபேசியைப் பார்ப்பவருக்கும் கண்புரை வந்தவருக்கும் அந்த எழுத்து இல்லாததற்குச் சமம்.

எதை விடலாம் என்று இவ்வளவு பேசினேனே, விடவே கூடாதது இதுதான். புள்ளியை விடலாம், ஒலியை விடலாம், காட்சியை விடலாம். ஆளை விடக் கூடாது.

திரை அளவுகளின் பிரச்சினைக்கு 2010இல் ஈதன் மார்கோட் என்ற வலை வடிவமைப்பாளர் ஒரு வழி காட்டினார். ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பக்கம் செய்யாமல், நெகிழும் கட்டமைப்பும் நெகிழும் படங்களும் திரையின் அகலத்தைக் கேட்டுத் தன்னை மாற்றிக்கொள்ளும் விதிகளும் கொண்ட ஒரே பக்கம். இன்று அது இயல்பாகிவிட்டது. இதைப் பயிலும்போது சிறிய திரையிலிருந்து தொடங்குங்கள். இடமில்லாத இடத்தில் முதலில் எது, அடுத்து எது, எது வேண்டவே வேண்டாம் என்று உங்களை முடிவெடுக்க வைப்பது அதுதான்.

தமிழில் பக்கம் செய்யப் போகிறவர்களுக்குத் தனியாகச் சில சொல்ல வேண்டும், ஆங்கிலப் பாடநூல்கள் இதைச் சொல்வதில்லை. "தமிழ்" என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் தரும் யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். எழுத்துகளை எண்ணி வெட்டும் நிரலை அசட்டையாக எழுதினால் வரியின் கடைசி எழுத்து புள்ளியை இழந்து நிற்கும். "கொ" என்று எழுதினால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும்; இந்திய எழுத்து முறையை அறியாத வடிவமைப்பு மென்பொருளில் அவை இடம் மாறிச் சிதறும். மேலும் கீழும் நீளும் குறிகள் இருப்பதால் வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்ட வேண்டும். ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் முடியும் பொத்தான் தமிழில் "சமர்ப்பிக்கவும்" என்று நீண்டு கட்டத்தைத் தாண்டும். அதற்கு இடம்விட்டு வடிவமையுங்கள், அல்லது "அனுப்பு" என்று எழுதுங்கள். நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன்.

மென்பொருள், கல்லூரி, வேலை

எந்த மென்பொருள் என்று முதலில் தள்ளிவைத்த கேள்விக்கு வருகிறேன். ஒரு காலத்தில் இணையத்தில் அசைபவற்றில் பெரும்பாலானவை ஃபிளாஷ் மென்பொருளில்தான் செய்யப்பட்டன. அதைக் கற்றுத் தரவே தனிப் பாடங்கள் இருந்தன. 2020 டிசம்பர் 31 உடன் அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. ஃபிளாஷின் பொத்தான்களை மட்டும் கற்றவர்கள் திகைத்து நின்றார்கள். ஃபிளாஷைக் கொண்டு அசைவைக் கற்றவர்கள் சிஎஸ்எஸ்ஸிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அதே பந்தைத் துள்ள வைத்தார்கள். மென்பொருளைக் கற்கத்தான் வேண்டும், ஆழமாகவே கற்க வேண்டும். அது மாறும் என்பதைத் தெரிந்துகொண்டு கற்க வேண்டும். பணம் கட்டாமல் தொடங்கவும் வழி உண்டு: முப்பரிமாணத்துக்கு பிளெண்டர், நிழற்படத்துக்கு கிம்ப், கோட்டோவியத்துக்கு இங்க்ஸ்கேப், ஒலிக்கு ஆடாசிட்டி. இவை நான்கும் திறந்த மூல மென்பொருள்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் கணினியின் எண்ணிக்கையையும் காட்டுவார்கள். நீங்கள் வேறு மூன்றைக் கேளுங்கள். ஒளிப்பதிவுக் கருவிகளை வகுப்பு நேரத்துக்கு வெளியே மாணவர்கள் எடுத்துப்போக முடியுமா? கடைசி ஆண்டு மாணவர்களின் வேலையைப் பார்க்க முடியுமா, அதுவும் பரிசு வாங்கியதை மட்டுமல்லாமல் நடுத்தரமானதையும்? வலைப் பாடத்தில் நிரலைக் கையால் எழுத வைக்கிறார்களா, இழுத்துப் போட்டுப் பக்கம் செய்யும் கருவியோடு முடித்துவிடுகிறார்களா? மூன்றாவதுக்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால் நான் தயங்குவேன்.

பதிப்புரிமையைப் பற்றி முதல் ஆண்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இணையத்தில் கிடைப்பதெல்லாம் எடுத்துக்கொள்ளத்தக்கது அன்று. எடுத்தாளலாம் என்று படைத்தவர்களே முன்கூட்டிச் சொல்லிவைப்பதற்காக கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002இல் வந்தன. அவற்றிலும் பெயர் சொல்ல வேண்டும், வணிகத்துக்கு ஆகாது என்று வகைகள் உண்டு. படம் முடிந்த பிறகு இசைக்கு அனுமதி தேடினால் சில நேரம் படத்தையே மறுபடி தொகுக்க வேண்டி வரும்.

படித்து முடித்தவர்கள் படத்தொகுப்பாளர், ஒலி வடிவமைப்பாளர், அசைவூட்டக் கலைஞர், செயலியிலும் தளத்திலும் பயனர் தொடும் திரையை வடிவமைக்கும் இடைமுக வடிவமைப்பாளர், அதை நிரலாக எழுதும் முன்முக நிரலாளர் என்று பல வழிகளில் பிரிகிறார்கள். வேலை தருபவர் மதிப்பெண்ணுக்கு முன் உங்கள் படைப்புத் தொகுப்பைப் பார்ப்பார். இருபது வேலைகளை அடுக்காதீர்கள். ஐந்து போதும். பார்ப்பவர் மனத்தில் தங்குவது உங்கள் மிகச் சிறந்த வேலை மட்டுமல்ல, மிக மோசமானதும்தான். அந்த ஐந்தில் ஒன்றிலாவது நீங்கள் எங்கிருந்து தொடங்கி, எதையெதை முயன்று, எதைக் கைவிட்டு அங்கே வந்தீர்கள் என்பதைக் காட்டுங்கள். குழுவாகச் செய்தது என்றால் உங்கள் பங்கு எது என்று தெளிவாக எழுதுங்கள்.

சேர்வதற்கு முன்பே வீட்டில் செய்து பார்க்க ஒரு பயிற்சி தருகிறேன். ஒரு முகமும், பின்னால் வானமும், எங்காவது சிறிய எழுத்தும் உள்ள நிழற்படம் ஒன்றை எடுங்கள். கிம்ப்பில் திறந்து ஜேபெக்காக ஏற்றுமதி செய்யும்போது தரம் என்று ஒரு அளவுகோல் வரும். 90, 70, 50, 30, 10 என்று ஐந்து படிகள் சேமியுங்கள். ஒவ்வொரு முறையும் மூலப் படத்திலிருந்தே தொடங்குங்கள். கோப்புகளின் அளவைக் குறித்துக்கொண்டு, பெயரை மறைத்து, வீட்டில் ஒருவரிடம் கலைத்துக் காட்டச் சொல்லுங்கள். முதலில் எழுத்து கெடும், பிறகு வானத்தில் கட்டங்கள் தெரியும், கடைசியில்தான் முகம். எந்தப் படியில் எது கெட்டது என்று உங்கள் கண் கண்டுபிடித்ததை ஒரு தாளில் எழுதி, முதல் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.